சிவப்பு வட்டமும் ஒரு புளியமுத்தும்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கிரைண்டர் பட்டறை. அங்கே வேலை பார்த்த நாலு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று இருந்ததாகக் கேள்வி. எந்த நாளில் அது யாரிடம் இருக்கும் என்பதுதான் தெரியாது. மேஸ்திரி வேலப்பனுக்கு வயது முப்பத்தொன்பது. பதினோரு இடம் தட்டிப்போய், அன்று நாலு மணிக்குப் பன்னிரண்டாவது பெண்ணைப் பார்க்கப் போகவேண்டும். புதுச்சட்டை ஆணியில் தொங்கியது.

முந்தின வாரம்தான் ஒரு கூத்து. நஞ்சப்பன் துளை போடும் மிஷினைப் பிடித்துக்கொண்டு, கல்லைத் தூக்கும் சங்கிலிக்காகக் காத்திருந்தான். பொம்முசாமி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மிஷினுக்காகக் காத்திருந்தான். "நீ மொதல்ல உடு", "நீ உடு" என்று ரெண்டு நாள் போச்சு. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு ஒரு இஞ்சினியரம்மாவைக் கூட்டிவந்தார்.

அந்தம்மா தரையில் ஆளுக்கொரு வெள்ளை வட்டம் போட்டார். நடுவில் ஒரு சிவப்பு வட்டம், அதில் ஒரே ஒரு புளியமுத்து. "சிவப்பு வட்டத்துல இருக்கறதை எடுத்தவர் மட்டும் நகரலாம். வேலை முடிஞ்சதும் திருப்பி வைக்கணும். காலியா இருந்தா மத்தவங்க நின்ன இடத்திலேயே நிக்கணும்," என்றார்.

நாலு நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. ஐந்தாம் நாள், அதாவது அன்று, சோற்று வேளையில் வேலப்பனுக்குப் பொறுப்பு பொங்கிவிட்டது. முத்தை எலி தூக்கிப் போய்விட்டால்? எடுத்து பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். மணி அடித்தது. நாலு பேரும் அவரவர் வட்டத்தில் போய் நின்றார்கள். சிவப்பு வட்டம் காலி.

"போய் எடுத்துட்டு வாங்க மேஸ்திரி," என்றான் பொம்முசாமி.

"முத்தில்லாம எப்படிடா போறது?"

"சாவி உங்க இடுப்புலதானுங்களே?"

"சாவி இங்க இருக்குது. பீரோ அங்கயில்ல இருக்குது!"

நாலாவது ஆள் தொப்பண்ணன் நெடுநேரம் யோசித்தான். "எப்படியோ, முத்து பத்திரமா இருக்குதுங்க," என்றான். எல்லாருக்கும் நிம்மதி.

நாலு மணி ஆச்சு. ஐந்தும் ஆச்சு. வேலப்பன் சட்டையைப் பார்த்துப் பார்த்து அழுதேவிட்டான், பாவம். பன்னிரண்டும் போச்சே!

ஐந்தரைக்குப் பெண்ணின் அப்பா கருப்பணன், மகள் தெய்வானையோடு வந்துவிட்டார். "எங்கய்யா அந்த மாப்பிள்ளை? பலகாரமெல்லாம் ஆறிப்போச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தவர், நேரே சிவப்பு வட்டத்தில் காலை வைத்தார்.

"வட்டம் காலியில்லீங்க," என்றான் நஞ்சப்பன் மெதுவாக.

"டேய், அது ஆளுடா!" என்றான் வேலப்பன்.

"வட்டத்துல இருக்கறதைன்னுதானுங்க அந்தம்மா சொன்னாங்க. முத்துன்னா சொன்னாங்க?"

நியாயம்தானே! நஞ்சப்பன் கருப்பணனை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய், ரெண்டு துளை போட்டுவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வட்டத்தில் வைத்தான். அவர் தப்பி ஓடுவதற்குள் பொம்முசாமி தூக்கினான். அப்புறம் தொப்பண்ணன். கடைசியில் வேலப்பன் முறை. அவரைச் சுமந்தபடியே புதுச்சட்டையை மாட்டிக்கொண்டு தெய்வானை முன்னால் போய் நின்றான்.

"பொண்ணு பாக்க வந்திருக்கறனுங்க."

தெய்வானை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பனை இப்படித் தோள்ல வெச்சுத் தாங்கற மாப்பிள்ளை வேற எங்க கெடைப்பாரு? எனக்குச் சம்மதமுங்க."

தை மாசம் கல்யாணம். முத்து அப்போதும் பீரோவில் பத்திரமாகவே இருந்தது. ஆகையால் மாப்பிள்ளையின் தோளில் மாமனார். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியதுதான் தாமதம், மண்டப வாசலில் நின்ற இடத்திலேயே நின்றபடி தொப்பண்ணன் கத்தினான்:

"முடிஞ்சுதுங்களா மேஸ்திரி? மாமனாரை இப்படிக் குடுங்க, நான் பந்திக்குப் போகோணும்!"