கால் வைக்க இடம்

செங்கழனி நாட்டு மன்னர் நெடுமுடி பூபதிக்கு நாலாயிரம் ஜோடி செருப்பு இருந்தது. மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, வெயிலோடு மழை பெய்தால் ஒன்று. தும்மல் வரும்போது போட்டுக்கொள்ளக்கூட ஒன்று வைத்திருந்தார். இத்தனையில் எதைப் போடுவது என்று தேடிப் போகும்போது போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி உண்டு. அதைத்தான் பல மாதமாகக் காணவில்லை.

செருப்பறை நிரம்பியது. ஆயுதசாலை நிரம்பியது. அயல்நாட்டுத் தூதர் ஒருவர் சபையில் இருந்த செருப்புக் குவியலை மன்னர் என்று நினைத்து வணங்கி, ஓலையை அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மன்னர் குவியலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை ராணி செண்பகவல்லி செருப்புத் தடுக்கி விழுந்தாள்.

"வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் இந்த வீட்டில் கால் வைக்க முடியாவிட்டால் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றாள்.

மன்னர் கலங்கிப்போனார். ராணிமேல் உயிரையே வைத்திருந்தார். செருப்புமேலும்தான். உடனே ஆவுடையப்பரைக் கூப்பிட்டனுப்பினார். சபையில் எந்தச் சிக்கல் வந்தாலும் பேச்சாலேயே அவிழ்த்துவிடும் மனிதர் அவர்.

"ஆவுடையப்பரே, வெள்ளிக்கிழமைக்குள் அரண்மனையில் கால் வைக்கும்படி செய்துவிடும்."

"கால் வைக்க வேண்டும், அவ்வளவுதானே மன்னா?"

"அவ்வளவுதான்."

மந்திரி கோளரிநாதருக்கு ஆவுடையப்பரைக் கண்டாலே ஆகாது. மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "ஆனால் மன்னரின் செருப்பு ஒன்றைக்கூட எறியக் கூடாது. எரிக்கக் கூடாது. விற்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. தவறினால் நாலாயிரம் ஜோடிக்கும் தினமும் எண்ணெய் தடவும் வேலை, ஆயுள் முழுக்க அவருக்கே."

"நல்ல யோசனை" என்றார் மன்னர்.

ஆவுடையப்பருக்கு எண்ணெய் வாடையே ஆகாது. கடவுளிடமாவது முறையிடலாம் என்று கோயிலுக்குப் போனார். மனமுருக வேண்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், வாசலில் விட்டிருந்த செருப்பைக் காணோம்.

பூக்காரி முத்தக்காள் ஆறுதல் சொன்னாள். "விடுங்க சாமி. கோயில்ல செருப்பு போச்சுன்னா பீடை போச்சுன்னு அர்த்தம். இந்த வாசல்ல விட்ட செருப்பு என்னிக்குத் திரும்பக் கெடச்சிருக்கு?"

ஆவுடையப்பர் அவளையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். செருப்போடு புத்தியும் போய்விட்டது போலிருக்கிறது என்று முத்தக்காள் பரிதாபப்பட்டாள்.

மறுநாளிலிருந்து அரண்மனையில் பக்தி பெருக்கெடுத்தது. சமையல்காரர், காவலர், சாமரம் வீசுகிறவர் என்று முந்நூறு பேரும் வேளை தவறாமல் கோயிலுக்குப் போனார்கள். போகும்போது காலில் செருப்பு இருந்தது. வரும்போது நெற்றியில் திருநீறு மட்டும்தான் இருந்தது. மூன்று நாளில் ஆளுக்குப் பத்துத் தடவை போய்வந்தார்கள். மன்னர் நெற்றியை மட்டும் பார்த்துப் பூரித்துப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை ராணி அந்தப்புரத்துக் கதவைத் திறந்தாள். தரை தெரிந்தது. தரையில் தாமரைக் கோலம் போட்டிருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மிச்சச் செருப்புகள் செருப்பறை அலமாரியில் வரிசையாக இருந்தன. தேடிப் போகப் போட்டுக்கொள்ளும் ஜோடிகூட அகப்பட்டிருந்தது. ராணி கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்தாள்.

மன்னர் மகிழ்ச்சியோடு உப்பரிகைக்கு வந்தார். கீழே தெருவில் தயிர்க்காரர் முத்துப் பதித்த செருப்போடு போய்க்கொண்டிருந்தார். எதிரே வண்ணார் ஒருவர் தும்மல் செருப்பில் நடந்து வந்தார். தும்மவும் இல்லை.

"ஆவுடையப்பரே, என்ன இது?"

"எறிந்துவிட்டார், மன்னா" என்று மந்திரி துள்ளினார்.

"எறியவில்லை. எரிக்கவில்லை, விற்கவில்லை, தானமும் கொடுக்கவில்லை" என்றார் ஆவுடையப்பர். "அரண்மனை ஆட்கள் சாமி கும்பிடப் போனார்கள். செருப்போடு சந்நிதிக்குள் போகலாமா? வாசலில் விட்டார்கள். அதுதானே முறை?"

"முறை சரி. நாலாயிரத்தில் இப்போது எத்தனை மிச்சம்?"

"ஆயிரம்."

"ஆயிரமா? இப்படிச் செய்யச் சொல்லி உமக்கு யார் சொன்னது?"

"தாங்கள்தான், மன்னா. கால் வைக்க வேண்டும் என்றீர்கள். அவ்வளவுதானே என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றீர்கள். அதனால் கால் பங்கை வைத்துவிட்டு முக்கால் பங்கைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன்."

ராணிதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் மன்னருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு தயாராக நின்ற மந்திரி மட்டும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். மன்னர் தம் காலில் இருந்த பொற்செருப்பைக் கழற்றி, அன்போடு ஆவுடையப்பரிடம் நீட்டினார்.

ஆவுடையப்பர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே காலில் மாட்டிக்கொண்டு விடைபெற்றார். தெருமுனையில் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலப்பக்கம் திரும்பி, நேரே கோயிலுக்குப் போனார்.