நூற்றுப்பத்து ஷார்ட்கட்

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் சர்வர் அறைக்குத் தலைமை மெஹருன்னிசா, வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை பழக வந்தவர் நம்பிராஜன், வயது ஐம்பது. அதே ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு விரல் அப்படி ஓடும்.

ஒரே கறுப்புத் திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வேலையை ஓடவிடும் டெர்மினல் மென்பொருளை அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒரே மாதத்தில் அதன் கீ எல்லாவற்றையும் அவர் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்.

"நூத்திப்பத்து ஷார்ட்கட் மேடம். எப்படி இருக்கு?"

"வேகமா இருக்கு அண்ணாச்சி," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் பகவதிக்கு அம்பாசமுத்திரத்தில் நிச்சயதார்த்தம். நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளைப் புது சர்வருக்கு மாற்றும் வேலையை ஓடவிட்டுவிட்டு, முந்தின நாளே கிளம்பிப் போனார். ஞாயிறன்று மெஹருன்னிசாவும் ஊரில் இல்லை. டூட்டியில் புதிதாகச் சேர்ந்த எஸ்தர் மட்டும்.

தட்டு மாற்றப் போகிற நேரம் பார்த்து போன் வந்தது.

"அண்ணாச்சி, ஐசியு டாக்டர் பழைய ரிப்போர்ட் கேக்காரு. உங்க வேலை பாதியில நிக்கு. ஏதோ கேள்வி கேட்டுட்டு நிக்கும்போல. அந்தக் கட்டத்துக்குப் போக எந்த கீ?"

"அதுவா... அது வந்து..."

விரலுக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியவில்லை. தாம்பாளத்தின் மேலேயே விரலை ஓட்டிப் பார்த்தார். சம்பந்தி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இடது சுண்டுவிரல் தாயி... பெறவு கீழ ஒண்ணு..."

"கீழன்னா எது? நான் அமுக்கினா வேற எங்கயோ போகுது. பயமா இருக்கு அண்ணாச்சி."

"ஒண்ணையும் தொடாத. இந்தா வாரேன்."

பைக்கில் ஒரு மணி நேரம். வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். விரல்கள் ஓடின. மூன்றே நொடி. ரிப்போர்ட் டாக்டர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்பாசமுத்திரத்தில் தட்டை அவர் தம்பி மாற்றினார். வந்த போட்டோக்களில் பகவதி ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மெஹருன்னிசா முன்னால் போய் நின்றார்.

"நான் செஞ்சதுல என்ன தப்பு மேடம்? மூணே நொடி. வேற யாராலயும் முடிஞ்சிருக்காது."

"முடிஞ்சிருக்காது," என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

"பெறவு ஏன் மனசு கெடந்து இப்படி அடிச்சுக்கிடுது? புள்ள என்கூடப் பேச மாட்டேங்கா."



"எஸ்தருக்கு அந்த கீ எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருக்கலாமே அண்ணாச்சி?"

நம்பிராஜனுக்குச் சுருக்கென்றது.

"ராப்பகலா மண்டையக் கசக்கிப் போட்டது மேடம். எனக்குன்னு போட்டது. என் கட்டத்த நான் பாத்துக்கிடுவேன். இன்னொருத்தர் தொட வேண்டாம்."

"சரி. யாரும் தொடல."

மேஜை மேலிருந்த காலண்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கல்யாணத்த என்னைக்கு வச்சிருக்கீங்க அண்ணாச்சி?"