காருக்குப் போட்ட உறை

பாறையை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர் ஒன்றுக்குப் பொன்னுரங்கம் முதலாளி. அங்கே ஜல்லி சுமப்பவள் செங்கமலம். அவள் புருஷன் அதே கிரஷரில் பதினோரு வருஷம் கல்தூளைத் தின்றவன். இப்போது நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது, கட்டிலில் கிடக்கிறான். பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் "எல்லாம் பீடி குடிச்ச நோய்" என்று வாய் கூசாமல் சொன்னார் முதலாளி.

ஒருநாள் சோதனைக்கு ஆபீசர் வருவதாகச் சேதி வந்தது. முதலாளி செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"இங்க தூசியே இல்லைன்னு நீயே அவர்கிட்ட சொல்லணும். மாத்திப் பேசினா நாளையிலருந்து உனக்கு வேலை கிடையாது."

"சொல்லிட்டாப் போச்சு முதலாளி."

ஆபீசர் வந்தார். ஏசி அறையில் உட்காரவைத்து இளநீர் கொடுத்து உபசரித்தார் முதலாளி. அரை மணி கழித்து இருவரும் வெளியே வந்தார்கள்.

"இங்க தூசியே இல்லீங்க ஐயா" என்றாள் செங்கமலம்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, முதலாளி அலறினார்.

"எவன்டா என் புதுக் காரோட உறையைக் கழட்டினது? ஒரே புழுதியா அப்பிக் கிடக்கே!"

"நான்தான் முதலாளி. தூசியே இல்லைன்னு சொல்லச் சொன்னீங்களே, இல்லாத தூசிக்கு உறை எதுக்குன்னு கழட்டிட்டேன்."

ஆபீசர் காரை விரலால் தடவினார். விரல் வெள்ளையாகிவிட்டது. செங்கமலம் சொன்னாள்:

"அரை மணிக்கே காருல இவ்வளவு. பதினோரு வருஷம் இங்க மூச்சு விட்டவன் நெஞ்சுல எவ்வளவு இருக்கும்? அங்க விரலை விட்டுத் தடவிப் பார்க்க முடியாதுங்க ஐயா. இதையே எழுதிக்குங்க."