தொடைவலியும் சலாமும்

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குத் தொடைவலி வந்தது. மனுஷனுக்கு அதில் அப்படியொரு பெருமை.

மின்வாரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசான் செண்பகத்திடம் சிலம்பம் கற்கச் சேர்ந்தபோது ஊரே சிரித்தது. ஆசானுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திமூன்று. கோயில் கொடைத் திருவிழாவில் களமிறங்கி ஊர் வாயை அடைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை.

"வலி எங்கே, அண்ணாச்சி?" என்று கேட்டார் ஆசான் செண்பகம்.

"ரெண்டு தொடையும். பயிற்சி இல்லாத நாளும் விடமாட்டேங்குது. உடம்பு முறுக்கேறுது ஆசான்."

"நான் இப்போ தோளுக்கும் மணிக்கட்டுக்கும்தானே வேலை கொடுத்திருக்கேன்?"

அண்ணாச்சி தொடையைத் தடவிப் பார்த்தார்.

"புதுசா என்ன சாப்பிடுறீங்க?"

"கொழுப்பு மாத்திரை பழசு, டாக்டர் கொடுத்தது. இப்போ மகன் வெளிநாட்டிலேருந்து வைட்டமின் அனுப்பினான். நியாசினாம், பெரிய டோஸ். அதுவும் கொழுப்பைக் குறைக்குமாம். வைட்டமின்தானே, என்ன செஞ்சிரும்?"

ஆசான் ஒரு கம்பை நீட்டினார். அண்ணாச்சி ஜோராகச் சுற்றினார். ஆசான் இன்னொரு கம்பை அவர் இடது கையில் கொடுத்து, "இதையும் சேர்த்துச் சுத்துங்க" என்றார். இரண்டும் மோதி, ஒன்று அவர் முட்டியிலேயே விழுந்தது.

"ரெண்டும் நல்ல கம்புதானே?"

"நல்ல கம்புதான்" என்றார், முட்டியைத் தேய்த்தபடி.

"இடது கையிலும் ஒண்ணு இருக்குன்னு டாக்டருக்குத் தெரியுமா?"

"சொன்னா திட்டுவார். கொடையில ஆடக் கூடாதுன்னுட்டா?"

"ஆட்டம் தொடங்குமுன்னே களத்துல சலாம் வைக்கிறப்போ நாம என்ன செய்வோம்?"

"எதிரே நிக்கிறவருக்கு, கையில இருக்கிறதை எல்லாம் காட்டுவோம்."

சொன்ன வாயோடு வைட்டமின் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் திட்டத்தான் செய்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மாத்திரையும் வைட்டமினும் சேர்ந்து தசையைக் கெடுக்கத் தொடங்கியிருந்தன. தசை கெட்டால் அடுத்து அடிபடுவது சிறுநீரகம்; நல்லவேளை, அது தப்பியது. வைட்டமினை விடச் சொன்னார். மாத்திரையையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லி, மறுபடி எப்போது தொடங்குவது என்று தானே சொல்வதாகச் சொன்னார். கொடைக்கு ஆடவே கூடாது என்றார்.

கொடையன்று அண்ணாச்சி தலைகுனிந்தபடி ஓரமாக நின்றார்.

"என்ன ஆசான், உங்க சீடர் பயந்துட்டாரா?" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

ஆசானின் கம்பை ஏந்தி முதலில் களத்துக்குள் நடப்பது அங்கே சிறந்த சீடருக்குரிய மரியாதை. செண்பகம் தன் கம்பை அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

"அவர் சலாம் வச்சாச்சு, டாக்டர் முன்னாடி. என் களத்துல இதுவரைக்கும் யாரும் அவ்வளவு சுத்தமா வச்சதில்லை."