மூன்றாம் தேதிக் கையெழுத்து

ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஆறுமுக நயினார் தம் அறுபத்து மூன்றாம் வயதில், நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் தவமணி. பதினோரு ஆண்டுகள் நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு சட்டம் படித்தவர். கோவை வட்டாரத்தில் தொழிற்சங்கமும் நிர்வாகமும் ஒப்பந்தம் போடும்போது, பேசித் தீராத குறைகளை ஒரு நடுவரிடம் விடலாம் என்று ஒரு பிரிவு சேர்ப்பார்கள். நடுவர் என்ற இடத்தில் பெரும்பாலும் தவமணியின் பெயர் இருக்கும்.

நயினாரும் ஓய்வுக்குப் பின் மூன்று முறை நடுவராக இருந்து பார்த்தார். அவர் எழுதிய தீர்ப்புகளில் அடிக்குறிப்புகள் இருந்தன. அடிக்குறிப்புக்கும் அடிக்குறிப்பு இருந்தது. மூன்றையும் உயர் நீதிமன்றம் சரி என்றது. மூன்று தொழிற்சாலைகளிலும் வேலைநிறுத்தம் நடந்தது.

அதனால்தான் வந்தார். வந்த அன்றே கேட்டார்.

"உங்க தீர்ப்பை எதிர்த்து யாரும் மேலே போறதில்லையாமே. அது எப்படி?"

"தெரியலீங்கய்யா. செவ்வாக்கிழமை ஒரு விசாரணை இருக்குது. கூட வந்து உக்காருங்க."

"நான் என்ன செய்யணும்?"

"பேசாம இருக்கணும்."

இருபத்தேழு வருடம் மற்றவர்களுக்கு அதைச் சொன்னவர் அவர். சரி என்று தலையாட்டினார்.

*

மோட்டார் பம்புகள் செய்யும் தொழிற்சாலை அது. பயிற்சி அறையில் நீள மேசை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பர்சனல் மேனேஜர் வெங்கடபதி, சூப்பர்வைசர் ஜெயசீலன். எதிர்ப்பக்கம் சங்கச் செயலாளர் கிட்டுசாமி, அவர் பக்கத்தில் வேலை இழந்த குழந்தைவேலு.

குழந்தைவேலு இருபத்திரண்டு வருடம் பம்பு சோதனைப் பிரிவில் இருந்தவர். ஜூலை மாதம், மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வந்துவிட்டார்கள் என்று தகவல் வர, ஷிப்டின் நடுவே பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்டியிருக்கிறார். தடுத்த காவலரைத் தள்ளியிருக்கிறார். காவலர் பூந்தொட்டியின் மேல் விழுந்தார். நிர்வாகம் விசாரணை வைத்து, செப்டம்பர் மூன்றாம் தேதி வேலைநீக்க உத்தரவு போட்டது.

"தள்ளுனது தப்புத்தான். அதுக்காக இருபத்திரண்டு வருசத்தையும் சேத்துத் தள்ளுவீங்களா?" என்றார் கிட்டுசாமி.

வெங்கடபதி ஒப்பந்தத்தைப் பிரித்தார்.

"பதினேழாம் பிரிவு மேடம். உத்தரவு கைக்குக் கிடைச்ச ஏழு நாளுக்குள்ள முறையீடு குடுக்கணும். தவறினால் உத்தரவே இறுதி. மூணாம் தேதி திங்கக்கிழமை உத்தரவைக் கொடுத்தாச்சு. முறையீடு வந்தது பன்னிரண்டாம் தேதி. ஒன்பது நாள். இதை விசாரிக்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது."

"கேன்டீன் ஃபேன ஏழு நாள்ல மாத்தறோம்னும் அதே ஒப்பந்தத்துல எழுதியிருக்குது. ஏழு மாசமாச்சு. அதுக்குக் காலக்கெடு இல்லீங்களா?"

"அது இருபத்தொன்பதாம் பிரிவு. அதுக்குத் தனியா முறையீடு குடுங்க."

கிட்டுசாமி குழந்தைவேலுவின் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நாள் எண்ணத் தெரியாதா உனக்கு?"

"கல்யாணம், மறுவீடு, விருந்துன்னு இருந்துட்டனுங்க" என்றார் குழந்தைவேலு மேசையைப் பார்த்தபடி.

தவமணி அவரிடம் கேட்டார். "பொண்ணு கல்யாணம் என்னிக்குங்க?"

"அஞ்சாம் தேதிங்க. புதன்கிழமை."

"இந்த உத்தரவு உங்க கைக்கு எப்ப வந்துச்சுங்க?"

"மூணாம் தேதிங்க. கையெழுத்துப் போட்டிருக்கேனே."

தவமணி ஜெயசீலனிடம் திரும்பினார். "நீங்கதான் கொண்டுபோய்க் குடுத்தீங்களா?"

"ஆமாங்க."

"எந்தத் தேதிங்க?"

ஜெயசீலன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"பதிவேட்டுல இருக்கற தேதிதானுங்க."

உத்தரவைப் பெற்றுக்கொண்டவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடு மேசைக்கு வந்தது. தவமணி பார்த்துவிட்டு நயினாரிடம் நகர்த்தினார். நயினார் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். கையெழுத்து சரியாக இருந்தது. தேதியும் தெளிவாக இருந்தது. ஆனால் அதற்கு மேல் வரியில் வேறொருவர் நான்காம் தேதி கையெழுத்திட்டிருந்தார். நான்குக்குக் கீழே மூன்று.

நயினாருக்கு வயது இருபது குறைந்தது. தவமணியின் காதருகே குனிந்தார்.

"தேதி பொய். இது பிறகு போட்ட கையெழுத்து. அந்தச் சூப்பர்வைசரை நான் ரெண்டு கேள்வி கேட்கட்டுமா?"

"பாத்தேங்கய்யா" என்றார் தவமணி. பிறகு எல்லாருக்குமாகச் சொன்னார். "டீ குடிச்சுட்டு வந்துருவோம்."

*

நயினார் கை கழுவப் போனார். கை கழுவும் தொட்டிக்கு அந்தப் பக்கம், சன்னல் ஓரத்தில், இரண்டு பேர் ஆளுக்கொரு வடையுடன் நின்றிருந்தார்கள். ஜெயசீலனும் குழந்தைவேலுவும். ஒட்டுக் கேட்பது நாகரிகமல்ல என்று நயினார் அறிவார். குழாயை மட்டும் மூடினார்.

"பாப்பா எப்படியிருக்குது?"

"மூணு மாசம் முழுகாம இருக்குதுங்க. புளிப்பா எதாச்சும் கேட்டுட்டே இருக்குது."

"அடேயப்பா. சொல்லவேயில்ல பாத்தியா." ஜெயசீலன் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லிடறேன் கொழந்த. திங்கக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தேன், வாசல்ல வாழை மரம் கட்டிட்டிருந்தாங்க, உன் சம்சாரம் வாங்கண்ணான்னு காப்பி குடுத்துச்சு, கவரைப் பாக்கெட்டுல வெச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன், வியாழக்கிழமைதான் குடுத்தேன். அவ்வளவுதானே. தேதியப் பழசாப் போடுன்னு சொன்னதும் நான்தான்."

"சும்மா இருங்கண்ணா. பதிவேட்டுல பொய்த் தேதின்னா உங்க வேலை போயிரும். ரிடையராக இன்னும் ஒன்றரை வருசம் இருக்குது."

"உன் வேலை?"

"எனக்குக் கை இருக்குதுங்க. எங்காச்சும் மோட்டார் ரிப்பேர் பண்ணிப் பொழச்சுக்குவேன்."

"எங்கடா பொழைப்ப? ஐம்பத்தொரு வயசு ஆளு."

"நீங்க அன்னிக்குக் குடுத்திருந்தா என் பொண்ணு எந்த மொகத்தப் பாத்துட்டு மணவறையில உக்காந்திருக்கும்? அதச் சொல்லுங்க."

ஜெயசீலன் தன் வடையில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தார்.

நயினார் ஈரக் கையோடு தவமணியிடம் போனார். எல்லாவற்றையும் சொன்னார்.

"வியாழக்கிழமையிலிருந்து எண்ணினா ஆறே நாள். முறையீடு செல்லும். ஆனா உண்மையைப் பதிவு செஞ்சா சூப்பர்வைசர் வேலை போகும். பதிவு செய்யாட்டா தொழிலாளி வேலை போகும். ரெண்டு பேருமே பொய் சாட்சி. சூப்பர்வைசர் இவர் பொண்ணு கல்யாணத்தைக் காப்பாத்த, இவர் சூப்பர்வைசர் வேலையைக் காப்பாத்த."

"ஆமாங்கய்யா."

"நான் இருபத்தேழு வருஷம் பெஞ்சிலே இருந்தவன். இப்படி ஒரு பொய்யை நான் பார்த்ததில்லை. நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"டீ ஆறுதுங்கய்யா. குடிங்க."

*

எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். தவமணி ஜெயசீலனைப் பார்க்கவில்லை. குழந்தைவேலுவையும் பார்க்கவில்லை. வெங்கடபதியைக் கேட்டார்.

"சார், குழந்தைவேலு பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களா?"

வெங்கடபதி பேனாவை மூடினார். "இதுக்கும் பதினேழாம் பிரிவுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"தெரியலீங்க. கேட்டுப் பாக்கறேன்."

"போனேன். நம்ம ஆளுங்க வீட்டு விசேஷம் எதையும் நான் விடறதில்லை."

"அஞ்சாம் தேதி."

"அஞ்சாம் தேதி காலையில. முகூர்த்தத்துக்கே போயிட்டேன்."

"வாசல்ல உங்கள வரவேத்தது யாருங்க?"

"இவர்தான். ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். அவரே சந்தனம் எடுத்துத் தந்தார். முன் வரிசையில நாற்காலியில இருந்தவங்களை எழுப்பி என்னை உக்கார வெச்சார். எனக்கே சங்கடமாப் போச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"விடுவாரா? பந்தியில பக்கத்துலயே நின்னார். வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் ரெண்டாவது தடவை பாயசம் ஊத்தச் சொன்னார். என் பொண்ணு கல்யாணம் சார், நீங்க வயிறாரச் சாப்பிடணும்னு. அப்பவே எனக்கு..."

வெங்கடபதி நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாளைக்கு முன் வேலைநீக்க உத்தரவை வாங்கிய ஒருவர், அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட மேனேஜருக்கு அப்படிப் பாயசம் ஊற்றச் சொல்ல மாட்டார். அது அன்றைக்கே அந்த இலையின் முன்னால் வெங்கடபதிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சாப்பிட்டு, மணமக்கள் தலையில் அட்சதை போட்டு, வீட்டுக்கு வந்திருந்தார். பதிவேட்டைப் பிறகு அவர் திறந்தே பார்க்கவில்லை; உத்தரவிலிருந்த மூன்றாம் தேதியையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அவர்கிட்ட இந்த உத்தரவப் பத்திப் பேசுனீங்களா சார்?" என்று தவமணி கேட்டார்.

"கல்யாண வீட்டுலயா மேடம்?"

கோபமாகத்தான் கேட்டார். கேட்ட பிறகு, தான் கேட்டது என்ன என்பது அவர் காதிலேயே விழுந்தது.

கிட்டுசாமி வாயைத் திறந்தார். அவருக்கு விஷயம் அப்போதுதான் பாதி புரிந்திருந்தது. பாதி புரிந்தவுடன் பேசுவது அவர் வழக்கம். தவமணி பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஜெயசீலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து ஏதோ சொல்லப்போகிறார் என்று நயினார் நினைத்தார்.

வெங்கடபதி ஜெயசீலனின் முழங்கையின் மேல் கையை வைத்தார். திறந்திருந்த பதிவேட்டை மூடி, தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அலுவலகக் கடிதத்தின் தமிழில் சொன்னார்.

"காலக்கெடு குறித்த ஆட்சேபணையை நிர்வாகம் வலியுறுத்தவில்லை."

"காரணம் ஏதாவது எழுதிக்கணுமாங்க?"

"வேண்டாம் மேடம்."

"சரிங்க" என்று தவமணி எழுதிக்கொண்டார். ஒரே வரி.

*

மதியம், கேட்டில் நடந்ததைப் பற்றி விசாரணை நடந்தது. காவலர் வந்து சாட்சி சொன்னார். குழந்தைவேலு அவரைத் தள்ளியது உண்மை என்றார். வலித்ததா என்று தவமணி கேட்டார். "எனக்கு ஒண்ணும் ஆகலீங்க, பூந்தொட்டிதான் பாவம்" என்றார். குழந்தைவேலு எழுந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போது அழுதுவிட்டார். காவலர் திகைத்துப்போய், பதிலுக்குத் தாமும் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

வேலைநீக்கம் அதிகம், ஒரு மாத சஸ்பென்ஷன் போதும் என்று தவமணி முடிவு சொன்னார். இரண்டு தரப்பும் அங்கேயே ஏற்றுக்கொண்டன. அந்த ஒரு மாதம் எப்போதோ கழிந்துவிட்டதால், குழந்தைவேலு திங்கட்கிழமை வேலைக்கு வரலாம்.

நயினார் தவமணியைத் தம் காரில் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் பேசவில்லை. நாள் முழுதும் பேசாமல் இருந்து பழகிவிட்டதுபோல் இருந்தது. நிலையத்தின் முன் வண்டியை நிறுத்திய பிறகுதான் கேட்டார்.

"வேலை கிடைச்சது. சந்தோஷம். எனக்கும் கண்ணு கலங்கிட்டுது, மறைக்கலை. ஆனா மேடம், பதிவேட்டிலே பொய் அப்படியே இருக்கு. நானா இருந்தா ஜெயசீலனை நிறுத்திப் பத்து நிமிஷத்திலே உண்மையை வாங்கியிருப்பேன்."

"வாங்கியிருப்பீங்கய்யா."

"பின்னே நீங்க ஏன் வாங்கலை? மூணாம் தேதியிலிருந்து ஆறாம் தேதி வரைக்கும் என்ன நடந்ததுன்னு நடுவர் ஒரு வரியாவது எழுத வேண்டாமா?"

தவமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். கதவைச் சாத்துமுன் குனிந்து சொன்னார்.

"நம்மளக் கூப்பிடறது தகராறுக்குத்தானுங்களே ஐயா. அந்த மூணு நாளும் அங்க யாருக்கும் யாரோடயும் தகராறே இல்லீங்களே."