முதுகுச் சூடு

சிஸ்டர் லியோனிலா பெண்களுக்கு ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தார். மாணவிகளில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர் குறைவாகத்தான் பேசுவார்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மெற்றில்டா மட்டும் மகளின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

“சிஸ்டர், எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ரெண்டு நாளா குளிரல.”

“உள்ள என்ன வச்சிருக்க?”

மெற்றில்டா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“இன்சுலின். இவளுக்குத்தான். மூணு மாசமா ஊசி போடுறேன். யாருக்கும் தெரியாது.”

“வீட்டுக்காரருக்கு?”

“அவுக கப்பல்ல இருக்காக. போன்ல எப்படிச் சொல்ல?”

சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தார்.

ஃப்ரிட்ஜ் உள்ளறை மூலையில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தலையிலிருந்து கால்வரை பழைய சேலை போர்த்தியிருந்தது.

“இதுக்குக் காய்ச்சலா?”

“பக்கத்து வீட்டு எஸ்கலின் அக்கா, அவங்க ஃப்ரிட்ஜ் நிறைஞ்சா மீனை இங்க கொண்டாந்து வைப்பாங்க. மருந்தைப் பார்த்துட்டா? பொம்பளப் பிள்ளை சிஸ்டர். அதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லி மூடிட்டேன்.”

“சொன்னபடியே கெட்டுப்போச்சு.”

சிஸ்டர் சேலையை உருவினார். ஃப்ரிட்ஜை ஒரு முழம் முன்னால் இழுத்தார். மெற்றில்டாவின் விரல்களைப் பின்பக்கக் கம்பிகளில் வைத்தார்.

“ஆத்தாடி, சுடுது!”

சின்னவள் எட்டிப் பார்த்தாள். “குளிர் எங்கேருந்து வருது சிஸ்டர்?”

“குளிர் வர்றதில்ல கண்ணு. சூடு போகுது. இந்தக் குழாய்க்குள்ள கேஸ் ஒண்ணு ஓடுது. அது உள்ள போய்ச் சோத்துச் சூடு, பால் சூடு எல்லாத்தையும் குடிச்சிட்டு வரும். மோட்டார் அதைப் பிடிச்சு நெருக்கும். அப்போ முதுகு வழியாச் சூட்டை வெளிய விட்டுட்டு, மறுபடி உள்ள போகும்.”

“வெளிய விட இடம் இல்லன்னா?” இதைக் கேட்டது மெற்றில்டா.

“மோட்டார் ராப்பகலா ஓடும். உள்ள இருக்கிறது கெட்டுப்போகும்.”

மெற்றில்டா சேலையை மடித்தாள். பிரித்து, மறுபடி மடித்தாள்.

“இனி குளிரும்ல?”

“சாயங்காலம் ஆகும்.”

“அதுவரைக்கும் மருந்து?”

சிஸ்டர் மருந்துப் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“அதுவரைக்கும் எஸ்கலின் அக்கா ஃப்ரிட்ஜ்ல வை. அவங்க வீட்டுல இருக்காங்களா?”

“இருக்காங்க.” அவள் நகரவில்லை. “என்னன்னு கேப்பாங்களே.”

“கேப்பாங்க. உட்காந்து முழுசாச் சொல்லிட்டு வா. அவசரமில்ல, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்.”