வணங்காமுடியின் சபையில் ஒரு பிடிப்பு

"குனியறதுக்கு முன்னாடி..." என்று தொடங்கி மருதப்பரின் பெரியப்பா ஏதோ ஒன்று சொல்வார். முன்பாதி நினைவிருக்கிறது, பின்பாதி மறந்துபோயிற்று. மறந்ததன் பலனை மருதப்பர் இடுப்பில் சுமந்துகொண்டிருந்தார்.

இது ரொம்ப காலத்துக்கு முந்தி நடந்தது. செங்கானல் நாட்டை அப்போது விடங்கதேவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். எவருக்கும் தலை வணங்காதவர் என்பதால் 'வணங்காமுடி' என்று பட்டம். கோயிலில்கூட நின்றபடியேதான் கும்பிடுவார். காலையில் ஒருவனுக்கு யானையைக் கொடுத்துவிட்டு, மாலையில் யானை எங்கே என்று தேடுகிற ரகம். அவருடைய மந்திரிதான் மருதப்பர்.

மருதப்பர் இளவயதில் கப்பலேறிக் கடல்கடந்து சாவகத் தீவுக்குப் போய், அங்கே அரசவையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஓலை எழுதிவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது ஊர் திரும்பியவர். போகும்போது கொண்டுபோனது ஒரு மொழி, ஒரு முதுகு. கொண்டுவந்தது இரண்டு மொழி, அரை முதுகு. படையெடுத்து வந்த பகையரசனைப் பேச்சாலேயே திருப்பி அனுப்பியவர், ஒருநாள் கீழே விழுந்த கொட்டைப்பாக்கை எடுக்கக் குனிந்தார். அவ்வளவுதான், பாக்கு ஜெயித்தது. இரண்டு மொழியிலும் 'ஐயோ' சொல்லிப் பார்த்தார். இரண்டிலும் வலி ஒன்றாகவே இருந்தது.

வைத்தியர் வந்து பார்த்தார். இது வந்துபோகிற விருந்தாளி அல்ல, வீட்டோடு தங்குகிற சொந்தம். அனுசரித்துத்தான் போகவேண்டும், ஒரே இடத்தில் உட்காராமல் தினமும் நடக்கவேண்டும் என்றார். இவ்வளவு படித்தவனுக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா என்று மருதப்பருக்குக் கௌரவக் குறைச்சலாகப் போயிற்று. கப்பல் போகிற தேசத்துத் தைலமெல்லாம் வரவழைத்துப் பூசிக்கொண்டார். இடுப்பு வலித்தது, கூடவே மணத்தது. கடைசியில் வேறு வழியில்லாமல், யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேவலையாயிற்று. நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது. குனிவது மட்டும் ஆகவில்லை. சபையில் அரசரைக் கண்டால் தலையை மட்டும் அசைத்துவைத்தார்.

இதைக் கண்டுவைத்திருந்தார் குழைக்காதர். மருதப்பருக்கு அடுத்த ஆசனம் அவருக்கு. அந்த ஓர் ஆசன தூரம் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் கும்பிடு போட்டால் மூக்கு தரையைத் தொட்டுவிட்டுத்தான் மேலே வரும். ஒருநாள் சபை கூடியிருந்தபோது அவர் எழுந்து, ஒரு நாட்டுக்கு ஒரு வணங்காமுடிதான் இருக்கலாம், நம் நாட்டிலோ இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றித் தரையில் போட்டார். "மருதப்பரே, குனிந்து எடுத்துக் கொடும். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விடும்."

மருதப்பர் மோதிரத்தைப் பார்த்தார். பாக்கைவிடச் சின்னது. மறுபடியும் கப்பலா? அந்தப் பலகையில் படுத்தால் மிச்சமிருக்கிற அரை முதுகும் போய்விடும். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பாக்கிடம் தோற்ற மந்திரி என்று நாடே சிரிக்கும்.

"எடுக்கிறேன், அரசே. வெளிதேசத்தில் இருந்தவன், நம் முறை கொஞ்சம் மறந்துவிட்டது. எவ்வளவு குனியவேண்டும் என்று குழைக்காதர் காட்டட்டும். அதற்குள் நான் தங்கள் மெய்க்கீர்த்தியைச் சொல்லிவிடுகிறேன். அது முடியும்வரை குனிந்தே இருப்பதுதானே பணிவு?"

குழைக்காதர் சந்தோஷமாக வளைந்தார். மெய்க்கீர்த்தி என்பது அரச வம்சத்தின் புகழ். தொடங்கிவிட்டால் ராஜாவே ஆனாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. மருதப்பர் சூரியனிலிருந்து தொடங்கினார். முப்பாட்டனார் வெட்டிய குளம், குளத்தில் மலர்ந்த தாமரை, தாமரைக்கு வந்த வண்டு என்று ஒவ்வொன்றிலும் நின்று நிதானித்துப் போனார். பாட்டனார் பிறப்பதற்குள் குழைக்காதரின் கால் ஆடியது. ராஜா பிறந்தபோது ஒரு முனகல் கேட்டது.

ஒருவழியாக முடிந்ததும் ராஜா அவரை எழுந்திருக்கச் சொன்னார். குழைக்காதர் எழவில்லை. தரையைப் பார்த்தபடியே, "முடியவில்லை, அரசே. பிடித்துக்கொண்டது" என்றார்.

மருதப்பர் கைகட்டி நின்றார். "அரசே, குனியாதது என் குற்றம் என்றால் நிமிராதது அவர் குற்றம். ஆணை இரண்டும் தங்களுடையதுதான். கப்பலில் இருவருக்கும் இடம் பார்க்கச் சொல்லுங்கள்."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே 'அம்மா' என்று சிங்காதனத்தின் சிங்கத்தலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிடி மருதப்பருக்குத் தெரிந்த பிடி. வீட்டில் கதவு நிலையை அவரும் இப்படித்தான் பிடிப்பார். வணங்காமுடி என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. தினமும் எதிரிலேயே நின்றும் தெரியவில்லை. உலகத்தில் தன் இடுப்பு ஒன்றுதான் இடுப்பு என்று இருந்துவிட்டார்.

ராஜா அவரை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "உமக்கு எந்தப் பக்கம்?"

"இடது, அரசே. குதிகால் வரை இறங்கும்."

"எனக்கு வலது."

"எனக்கு இரண்டும்" என்றது தரைப்பக்கமிருந்து ஒரு குரல்.

குழைக்காதரை நிமிர்த்த வேண்டுமே என்று மருதப்பர் பக்கத்தில் போனபோதுதான் பெரியப்பா முழுசாக நினைவுக்கு வந்தார். சின்ன வயதில் இவர் கிணற்றடியில் குடத்தோடு நிற்கும்போது கத்துவார்: "குனியறதுக்கு முன்னாடி முழங்காலை மடக்குடா, மடையா." பெரிய தத்துவம் என்று மருதப்பர் இத்தனை வருஷம் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, வாளி இறங்குவதுபோல் இறங்கினார். மோதிரத்தை எடுத்தார். குழைக்காதரைத் தோளில் தாங்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு வாங்கவிட்டு, மெல்ல எழுப்பி நிறுத்தினார். குழைக்காதர் முதல்முறையாக ஒருவரை முகத்துக்கு நேராகப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.

ராஜா பெரிய பொற்கிழி ஒன்றை நீட்டினார். மருதப்பர் அதைக் கண்ணாலேயே எடைபோட்டுவிட்டு, இதைத் தூக்கினால் நாளைக்கு நானும் தரையைப் பார்த்துத்தான் பேசவேண்டியிருக்கும் என்று மறுத்தார். அப்படியானால் இவ்வளவு தூரம் தேறியது எப்படி என்று ராஜா கேட்டார். தைலங்களையும் மறைக்காமல், ஏரிக்கரையையும் மறைக்காமல் மருதப்பர் சொன்னார்.

ராஜா சிங்காதனத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நாளையிலிருந்து சபை நடக்கும்."

தினமும் நடக்கிறதுதானே என்று குழைக்காதர் பணிவாகக் கேட்டார்.

"இதுவரை உட்கார்ந்திருந்தது. நாளையிலிருந்து நடக்கும். விடியற்காலை, ஏரிக்கரையில்."